தண்டையார்பேட்டை கொட்டகையில் ஒரு ஸ்பிட்ஃபயர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கார் இன்னும் ஓடவில்லை. இந்தப் பதிவு முடியும்போதும் ஓடாது. ஓடுகிற காரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் அடுத்த வருஷம் வாருங்கள்.

1964-இல் செய்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டே சீட்டு, மடக்கிப் போடும் துணிக்கூரை, 1147 சிசி எஞ்சின், ரெட்டை எஸ்.யு. கார்புரேட்டர். புதிதாக இருந்தபோது 63 குதிரைத்திறன். இப்போது பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் லேத் பட்டறையின் பின்கட்டில் நிற்கிறது. வழக்கமாகப் படகு ஷாஃப்ட்டுகளை அடுக்கும் இடம் அது. ஷாஃப்ட்டுகள் நடைவழிக்கு வந்துவிட்டன. காசிமேட்டிலிருந்து வேலை கொண்டுவருகிறவர்கள் அவற்றைத் தாண்டித்தான் உள்ளே வரவேண்டும். தாண்டும்போது ஆளுக்கொரு கருத்து. "இன்னாக்கா, ஷூட்டிங்குக்கு வாடகைக்கு வுடப் போறியா?" என்று ஒருவர். "போட்டு எஞ்சினையே தூக்கி உள்ள வெச்சிரு, பறக்கும்" என்று இன்னொருவர். அவர்கள் படகில் இருப்பது லேலண்டு டீசல் எஞ்சின், இந்தக் காரையே அமுக்கிவிடும். ஆனால் யோசனையாகச் சொன்னதைத் தட்டக் கூடாது.

கிண்டலுக்குப் பதில் சொல்லிப் பழகிவிட்டது. விவரம் தெரிந்தவர்கள் கேட்கும் கேள்விதான் வேறு: "இங்கிலாந்து காராச்சே, ஸ்பேருக்கு எங்கே போவாய்?" அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். ஸ்பேருக்கு எங்கே போவது என்று தெரிந்துகொண்டுதான் இந்தக் காரை வாங்கினேன். அதன் அடிப்பாகத்தில் முக்கால்வாசிக்கு வண்டலூரில் உறவு இருக்கிறது.

அந்த உறவின் பெயர் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அந்தக் காரைப் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் பழைய கதை. கவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி 1959-இல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்ற சின்னக் காரை வெளியிட்டது. வடிவம் கொடுத்தவர் ஜொவான்னி மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். மற்ற கம்பெனிகள் பலவும் தனி அடிச்சட்டமான சேஸியை விட்டுவிட்டு, தகட்டு உடம்பே பாரம் தாங்கும் முறைக்குப் போய்க்கொண்டிருந்த காலம். ஹெரால்டு மட்டும் தனி சேஸி, அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கிய உடம்பு என்று வந்தது. அவர்களுக்கு உடம்பு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோவைப் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டதால் வந்த வினை. ஒரே இடத்தில் முழு உடம்பை அடிக்க வழியில்லை. துண்டு துண்டாகப் பல ஆலைகளில் அடித்துக் கடைசியில் போல்ட்டால் சேர்த்தார்கள்.

அவர்களுக்கு வந்த சங்கடம் நமக்கு வசதியாகிவிட்டது. பிரித்துப் பெட்டியில் போட்டுக் கப்பலேற்றி, இறக்கிய ஊரில் பூட்டுவதற்கு இதைவிடத் தோதான கார் கிடையாது. 1961-இலிருந்து வண்டலூர் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையில் அது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆனது. 948 சிசி எஞ்சின். அப்புறம் நான்கு கதவு வைத்து ஒன்று வந்தது. 1972-இல் கெஸல் வந்தது. என் அப்பா கல்யாணத்துக்கு முன்னால் அந்த ஆலையின் மெஷின் ஷாப்பில் இருந்தவர். பீச் ஸ்டேஷனில் ரயிலேறி ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்வந்தார். அலுத்துப்போய் வண்ணாரப்பேட்டையிலேயே ஒரு லேத்தைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த லேத்தில்தான் இன்னும் எங்கள் பிழைப்பு நடக்கிறது.

ஸ்பிட்ஃபயரையும் வரைந்தது அதே மிக்கெலோட்டிதான். ஹெரால்டின் சக்கர இடைவெளி 91.5 அங்குலம். சேஸியைக் குட்டையாக்கி 83-க்குக் கொண்டுவந்து, முன் சஸ்பென்ஷன், பின் அச்சு, கியர்பாக்ஸ், எஞ்சின் வம்சம் எல்லாவற்றையும் அங்கிருந்தே எடுத்துக்கொண்டார்கள். மாதிரிக் கார் தயாராகிவிட்டது, கம்பெனியிடம் காசில்லை. ஆலையின் ஒரு மூலையில் துணி போட்டு மூடிவிட்டார்கள். 1961-இல் லேலண்டு அந்தக் கம்பெனியை வாங்கியது. என்னென்ன வாங்கியிருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்த லேலண்டு ஆட்கள் துணியைத் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். 1962 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் கார் நின்றது. 1980 வரை மூன்று லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

நம் எண்ணூர் ஆலையின் பெயரில் பாதி அந்த லேலண்டு கொடுத்ததுதான். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த இடம், 1955-இல் அசோக் லேலண்டு ஆனது. ஆக, எண்ணூர் லாரிக்கும் வண்டலூர் ஹெரால்டுக்கும் என் பின்கட்டில் நிற்கும் காருக்கும் ஒரே வீட்டுச் சம்பந்தம். இதைச் சொன்னால் காசிமேட்டு ஆட்கள் "அப்டின்னா நம்ம வண்டிதான்" என்கிறார்கள். எனக்கும் அந்த நினைப்பு உண்டு.

எம்.ஜி.பி. என்ற இன்னொரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரை வாங்கியிருக்கலாமே என்பது அடுத்த கேள்வி. (எங்கள் தெருவில் எம்.ஜி. என்று சொன்னாலே பின்னால் ஓர் ஆர் சேர்த்துக்கொள்வார்கள், அது வேறு விஷயம்.) அதற்கும் இந்திய உறவு இருக்கிறது, மறுக்கவில்லை. எம்.ஜி.பி.யின் 1798 சிசி எஞ்சினும் அம்பாசடரில் பல காலம் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் பி.எம்.சி.யின் ஒரே பி-சீரிஸ் வம்சம். 1489 சிசி எஞ்சின் அதற்கு முந்தைய எம்.ஜி.ஏ.விலும் இருந்தது. அம்பாசடர் பிரித்த கை எம்.ஜி.யையும் பிரிக்கும். என்றாலும் எனக்கு வேண்டாம். எம்.ஜி.பி.க்குத் தனி சேஸி இல்லை. கடற்கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் நாற்பது வருஷம் நின்ற காரில், தகடு மக்கினால் காரே மக்கியது என்று அர்த்தம். எஞ்சினை எந்தப் பட்டறையும் மறுபடி எழுப்பிவிடும். உப்புக்காற்று தின்ற தகட்டுக்கு அப்படி ஒரு பட்டறை கிடையாது. தனி சேஸி இருந்தால் உடம்பைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, கீழே உள்ளதைச் சரிசெய்யலாம். வடசென்னையில் கார் வாங்குகிறவள் நான், பெங்களூரில் வாங்குகிறவர் வேறு மாதிரி யோசிக்கலாம்.

இனி பார்க்கப் போன கதை. டி.எச். ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்து, ஒரு காலத்தில் மூட்டைகள் அடுக்கிய கொட்டகை. சொந்தக்காரர் எழுபது தாண்டியவர். அவருடைய அப்பா பாரிமுனையில் ஒரு கிளியரிங் கம்பெனியில் குமாஸ்தா. ஊருக்குக் கிளம்பிய வெள்ளைக்கார மேனேஜர் காரை அவரிடம் விற்றிருக்கிறார். சம்பளத்துக்கு மீறிய காரியம் என்று வீட்டில் சண்டை நடந்ததாம். பிரேக் போனதும் நிறுத்தியவர் திரும்ப எடுக்கவே இல்லை. அவர் போன பிறகு காரின்மேல் பாய், மீன்வலை, கிறிஸ்துமஸ் நட்சத்திரச் சட்டம், உடைந்த தையல் மெஷின் எல்லாம் ஏறிவிட்டன.

"வண்டி கண்டிஷன்ல இருக்குதும்மா. பேட்டரி போட்டா ஸ்டார்ட் ஆயிரும்" என்றார் பெரியவர்.

பேட்டரி போட்டாலே கிளம்பிவிடும் என்று சொல்லப்படாத பழைய காரை நான் இன்னும் பார்க்கவில்லை. சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டு, ஒரு காந்தம், முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், டார்ச் மூன்றையும் எடுத்துக்கொண்டு குனிந்தேன். கூடவே வந்தவன் பட்டறைப் பையன். கார் பைத்தியம். அவன் நேராக பானெட்டைத் திறக்கப் போய்விட்டான்.

ஸ்பிட்ஃபயரில் முதலில் பார்க்க வேண்டியது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு, சில் என்பார்கள். தனி சேஸி என்று இவ்வளவு நேரம் பெருமை பேசினேன், இங்கே ஒரு சங்கதி இருக்கிறது. ஹெரால்டின் சேஸியில் இருந்த பக்கச் சட்டங்களை ஸ்பிட்ஃபயருக்கு எடுத்துவிட்டார்கள். நடுவில் மட்டும் ஓடும் சேஸி அது. ஓரத்து விறைப்பை சில்தான் கொடுக்க வேண்டும். கெட்டிக் கூரையும் இல்லாத கார். சில் மக்கிவிட்டால் நடுவில் தொய்ந்து, கதவின் மேல்முனை இடிக்கும். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். இடது கதவு சீராக வந்தது. வலது கதவு பின்மூலையில் லேசாக உரசியது. காந்தத்தை வைத்தால் இடது சில்லில் கப்பென்று ஒட்டியது. வலது சில்லில் ஒரு முழ நீளத்துக்கு விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே தகடு இல்லை, ஓட்டையை அடைக்கும் பட்டிப் பசைதான். எப்போதோ ஒரு டிங்கர் அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார். ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், பெரியவருக்கு முகம் சுருங்கியது. துளையிலிருந்து காய்ந்த சேறு கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது இந்தப் பகுதி எப்படி மூழ்கிக் கிடந்தது என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொட்டகைச் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அப்படியே இருந்தது. காரின் சில் உயரத்துக்கு ஒரு சாண் மேலே.

சேஸியை மட்டும் நிதானமாகப் பார்த்தேன். டிஃபரன்ஷியல் தொங்கும் இடம், முன் சஸ்பென்ஷன் டவர்கள் உட்காரும் இடம், இரண்டிலும் துரு இருந்தது. ஆனால் சுரண்டினால் பொடியாக வந்தது, செதிலாக வரவில்லை. கீழே எஞ்சின் ஆயில் ஒழுகி ஒழுகி, அழுக்கோடு சேர்ந்து தடித்த தோலாகப் படிந்திருந்தது. ஆயில் ஒழுகாத பிரிட்டிஷ் கார் என்றால் உள்ளே ஆயிலே இல்லை என்று அப்பா சொல்வார். அந்த ஒழுக்கல்தான் சேஸியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அதற்குள் பையன் பானெட்டைத் தூக்கிவிட்டான். இந்தக் காரில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மட்கார்டு, ஹெட்லைட்டு எல்லாம் சேர்ந்து மூக்கு முழுவதும் முன்பக்கக் கீலில் கவிழும். எஞ்சின், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் எல்லாம் வெட்டவெளி. முன்டயரின் மேல் உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம். ஹெரால்டிலும் அப்படியே. இப்போதைய கார்களில் ஒரு ஹெட்லைட் பல்பு மாற்ற பம்பரைக் கழற்றச் சொல்கிறார்கள்.

பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்கின் நட்டில் ஸ்பேனர் போட்டுத் திருப்பினேன். சுற்றியது. யாரோ நல்ல மனிதர் சிலிண்டருக்குள் ஆயில் ஊற்றி வைத்திருக்கிறார். ஆனால் இந்த எஞ்சின் வம்சத்துக்கே ஒரு வியாதி உண்டு. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் பிடிப்பது இரண்டு பிறைவடிவ த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்க் முன்னால் தள்ளப்படும், சுமை முழுக்க அந்த வாஷரில். தேய்ந்து மெலிந்தால் அது நழுவிக் கீழே ஆயில் தேங்கும் சம்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க், எஞ்சினின் உடம்பான பிளாக்கையே அரைக்கும். அரைத்துவிட்டால் பிளாக் பழைய இரும்புக்குத்தான். எனவே வாங்கும்முன் ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்புல்லியைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி புல்லி நகரக் கூடாது. இங்கே கிளட்ச் பெடல் ஆயில் செத்துத் தரையோடு கிடந்ததால், புல்லிக்குப் பின்னால் நெம்பித்தான் பார்த்தோம். டக்கென்று சத்தத்தோடு நகர்ந்தது. பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் பெரியவர் முகத்தைப் பார்த்தேன். விலை அந்த இடத்தில் ஒரு படி இறங்கியது.

எவ்வளவு என்று எழுத மாட்டேன். வீட்டில் இதைப் படிப்பார்கள்.

காகிதம் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பழைய கார் வாங்குகிறவர்கள் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். பழைய எம்.எஸ். வரிசை எண், ஆர்.சி. புத்தகம், மேனேஜர் கட்டிய சுங்கவரி ரசீது எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தன. அந்த ரசீது இல்லாமல் இருந்திருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். ஆர்.சி. இறந்துபோன அப்பாவின் பெயரில். அப்படியிருந்தால் நேராக நம் பெயருக்கு மாற்றக் கேட்க முடியாது. வாரிசு சான்றிதழ் வாங்கி, படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்றி, அதற்குப் பிறகுதான் 29, 30 என்று விற்பனைக்கு வரவேண்டும். பெரியவருக்கு இரண்டு தங்கைகள். அவர்களும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் போட்டுவிட்டார். செங்குன்றத்தில் இருக்கும் தங்கை மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்: சிவப்பை மாற்றக் கூடாது. அவர்கள் அப்பா ராயபுரத்தில் கொடுத்து அடித்த சிவப்பாம். டாஷ்போர்டுக்கு அடியில் சுரண்டினால் கம்பெனி அடித்த வெளிர்நீலம் தெரிகிறது. அசல் நிறத்துக்குக் கொண்டுவருவதுதான் முறை என்று விண்டேஜ் கார்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். அந்த அம்மாவிடம் வாக்குக் கொடுத்தாயிற்று, சிவப்புதான்.

ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு மத்திய அரசு 2021-இல் தனி விதி கொண்டுவந்தது. புதிதாகப் பதிவதற்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும், எண்ணில் 'விஏ' என்ற எழுத்து வரும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அப்படிப் பதிந்தால் தினசரி ஓட்டக் கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் ரோட்டில் இறக்கலாம். எனக்கு அது போதும். மழையில் இதை ஓட்டும் உத்தேசம் எனக்கும் இல்லை, காருக்கும் இருக்காது.

தூக்கி வந்தது ஒரு தனிக்கூத்து. குட்டி யானை போதும் என்று சந்தில் எல்லோரும் சொன்னார்கள். பன்னிரண்டு அடிக் காரை அதில் ஏற்றினால் பாதி வெளியே தொங்கும். கடைசியில் ஓர் ஈச்சர் லாரி பிடித்து, மீன் கூடை இறக்கும் ஆட்களே நான்கு பேர் தள்ளி ஏற்றினார்கள். கூலியோடு பிரியாணியும் கேட்டார்கள். நியாயம்தான்.

பட்டறையில் முதல் சண்டை ஸ்பேனரில் வந்தது. இந்தக் காரின் நட்டு போல்ட்டெல்லாம் அங்குலக் கணக்கு, பெரும்பாலும் யு.என்.எஃப். மரை. பையன்கள் மில்லிமீட்டரில் பிறந்து வளர்ந்தவர்கள். அரை அங்குலம் என்பது 12.7 மி.மீ. அவர்கள் கைக்கு வருவது 13. "உக்காருதேக்கா!" என்பார்கள். உட்காரத்தான் செய்யும். அறுபது வருஷத் துரு பிடித்த நட்டில் அந்த 0.3 மில்லிமீட்டர் போதும், மூலை வழித்துக்கொண்டு உருண்டையாகிவிடும். அப்பாவின் அங்குல ஸ்பேனர் செட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மற்றதையெல்லாம் பூட்டிவைத்த பிறகுதான் வேலை ஒழுங்காக நடந்தது.

இப்போது வண்டலூர் உறவுக்கு வருகிறேன். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்று உள்ளபடி சொல்கிறேன்.

த்ரஸ்ட் வாஷர் கிடைத்தது. ஜி.பி. ரோட்டில் ஹெரால்டு காலத்துச் சரக்கை இன்னும் தூக்கியெறியாத ஒரு கடையில், மெழுகுத்தாளில் சுற்றியபடி. கழற்றிப் பார்த்தபோது பழையது ஒன்று பிளேடு மாதிரி மெலிந்திருந்தது, ஆனால் இடத்தில்தான் இருந்தது. பிளாக் பிழைத்தது. முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரனியனும் ஹெரால்டுடையதே பொருந்தியது. இந்த ட்ரனியன் பற்றி ஹெரால்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது: அதில் கிரீஸ் அடிக்காதீர்கள். வெண்கலக் கட்டைக்குள் இரும்புத் தண்டு மரையோடு உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங் திருப்பும்போது அந்த மரையில்தான் திரும்பும். கியர் ஆயில், 90 நம்பர், அதுதான் விடவேண்டும். கிரீஸ் அடித்தால் அடிமரை வரை இறங்காது. தண்ணீர் புகுந்து, தண்டு துருவேறி ஒரு நாள் முறியும். சக்கரம் பக்கவாட்டில் படுத்துவிடும். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிர்த்திசை, மாற்றிப் பூட்டாதீர்கள்.

ஹெரால்டிலிருந்து பிஸ்டன் எடுக்க முடியாது. பிஸ்டன் ஏறியிறங்கும் தூரமான ஸ்ட்ரோக் இரண்டுக்கும் 76 மி.மீ.தான். ஆனால் சிலிண்டரின் விட்டமான போர் அங்கே 63, இங்கே 69.3. முன்பக்க டிஸ்க் பிரேக்கும் அப்படியே, இங்கத்திய ஹெரால்டு டிரம்மில் ஓடியது. டிஃபரன்ஷியல் பெட்டி ஒரே குடும்பம் என்றாலும் பல்கணக்கு வேறு. ஹெரால்டுடையதைப் பூட்டினால் ஸ்போர்ட்ஸ் கார் மூச்சிரைக்க ஓடும், வேகம் வராது. கண்ணாடி, கதவு, பானெட்டு எதுவும் ஒத்துவராது. இதற்கெல்லாம் இங்கிலாந்துதான் கதி. நல்லவேளையாக அங்கே இந்தக் காரின் ஸ்பேர் வியாபாரம் இன்னும் ஜோராக நடக்கிறது. சில் தகடே புதிதாக அடித்து விற்கிறார்கள். அதை நான் வாங்கவில்லை. ஒரு முழத்துக்காக முழு சில்லையும் கப்பலில் கொண்டுவருவானேன்? எங்கள் தெரு டிங்கர் அண்ணன் அட்டையில் அளவெடுத்து, தகட்டை மடித்து, பார்த்தால் கம்பெனித் தகடு என்று சொல்லும்படி வைத்துவிட்டார். வெல்டிங் வைக்கும்முன் கதவைப் பூட்டி, இடைவெளியைச் சரிபார்த்து, சேஸிக்கு அடியில் முட்டுக் கொடுத்த பிறகுதான் வெட்டவே விட்டேன். இல்லாவிட்டால் கோணலாக இருக்கும் காரைக் கோணலாகவே நிரந்தரமாக்கிவிடுவோம்.

எலக்ட்ரிக் வேலைக்கு வந்தவர் பாசிட்டிவ் எர்த் என்றதும் எழுந்துவிட்டார். அந்தக் காலத்து ஸ்பிட்ஃபயரில் பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடம்போடு சேரும். 1967-இல் மார்க் 3 என்ற மூன்றாவது வடிவம் வந்தபோதுதான் மாற்றினார்கள். நெகட்டிவுக்கு மாற்றிவிடலாம் என்று அவர் சொன்னார். மாற்றுவது கஷ்டமும் இல்லை. நான் அப்படியே விடச் சொன்னேன். டைனமோ நல்லபடியாக இருக்கிறது, இதில் ரேடியோ கிடையாது, போன் சார்ஜர் எனக்கு வேண்டாம். வயர் மட்டும் முழுக்கப் புதிது. பழைய வயரின் மேலுறை தொட்டால் உதிர்ந்தது.

பெட்ரோலைப் பற்றித்தான் கவலை. இந்த எஞ்சின் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. நம் நாட்டில் 2000-இல் அது நின்றுவிட்டது. ஈயம் இல்லாவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வு சீட் நாளடைவில் உள்வாங்கும். ஹெட்டைக் கடைந்து கெட்டி சீட் வளையம் இறக்கிவிட்டேன். சொந்த லேத் வைத்திருப்பதில் உள்ள சுகம் இது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுத்துவிடும், ஈரத்தையும் இழுக்கும். ஓஸ், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் ரகமாகப் போடுகிறேன். ரெட்டை எஸ்.யு. கார்புரேட்டரை ஒத்திசைப்பது பற்றி எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அம்பாசடர் டாக்சிக் காலத்து மெக்கானிக் ஒருவர் வியாசர்பாடியில் இருக்கிறார். காதில் ஒரு ரப்பர் குழாயை வைத்துக் கேட்டே இரண்டையும் சமமாக்கிவிடுவேன் என்கிறார். எஞ்சின் ஓடட்டும், கூப்பிடுகிறேன்.

அப்பா தினமும் சாயங்காலம் வந்து நாற்காலியைப் பின்கட்டில் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். எனக்கு விவரம் தெரிந்த வயதில் அவர் என்னை ஸ்கூட்டரில் சோழவரம் ரேசுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயம். வெயில், புழுதி, டயர் தீயும் வாசனை, கூட்டத்துக்கு நடுவே அவர் தோளில் நான். ஹெரால்டு திருப்பத்தில் எப்படிக் கவிழப் பார்க்கும் என்று அங்கே வைத்துத்தான் முதலில் சொன்னார். இப்போது அதையே மறுபடி சொல்கிறார்: "பின்னாடி ஸ்விங் ஆக்ஸில் பாப்பா. வளைவுல வேகமாப் போயிட்டு, பயந்து ஆக்ஸிலேட்டர்லேர்ந்து காலை எடுத்தேன்னு வெச்சுக்கோ, பின்சக்கரம் உள்ள மடங்கிக்கும். வளைவுக்கு முன்னாடியே கொறைச்சுக்கணும். உள்ள போய்ட்டா தைரியமா ஆக்ஸிலேட்டரை மிதிக்கணும்."

"எண்ணூர் ரோட்டுல கன்டெய்னர் லாரிக்கு நடுவுல எங்கப்பா வேகமாப் போறது?" என்றேன்.

"அது சரி" என்றார். ஆனால் மறுநாளும் அதையே சொன்னார்.

இப்போதைய நிலவரம்: சேஸி சுரண்டி, பிரைமர் அடித்து முட்டின்மேல் நிற்கிறது. பிளாக், சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கும் ரீபோருக்குப் போயிருக்கிறது. பிஸ்டன் கப்பலிலோ விமானத்திலோ வந்துகொண்டிருக்கிறது, வந்து சுங்கத்தைத் தாண்டிய பிறகுதான் நம்புவேன். கியர்பாக்ஸைப் பிரித்ததில் முதல் கியரின் பற்கள் மட்டும் பொரிந்திருக்கின்றன. அந்தப் பெட்டியில் முதல் கியருக்கு, பற்கள் மோதாமல் சேரவைக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது, ஓடும்போதே தள்ளிப் பல்லை உடைத்திருக்கிறார் குமாஸ்தா ஐயா. ஹெரால்டு கியர்பாக்ஸ் ஒன்று, நன்றாக இருந்தாலும் சரி, பிரித்துப்போட்டதாக இருந்தாலும் சரி, யாரிடமாவது இருந்தால் கீழே எழுதுங்கள். பணம் கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன். என்னிடம் கூடுதலாக ஒரு ஜோடி ட்ரனியனும், 948 சிசி எஞ்சினின் ஹெட் ஒன்றும், ஹெரால்டு பின்விளக்குக் கண்ணாடி இரண்டும் இருக்கின்றன. ஹெரால்டு ஓட்டுகிறவர்களுக்கு மாற்றாகத் தரத் தயார். அலமாரியில் அழகுக்கு வைக்கக் கேட்டால் தரமாட்டேன்.